நெவ் சொன்னது சரி

எங்கள் ஊர்ப் புல்வெளிப் பந்து கிளப்பின் சுவரில், பார் மேசைக்கும் பெண்கள் கழிப்பறைக்கும் நடுவில், ஒரு பச்சைப் பெட்டி தொங்குகிறது. நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்து ஓடவைக்கிற இயந்திரம் அதற்குள் இருக்கிறது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் வாயில் அது நுழையாததால் "நெவ்" என்று வைத்துவிட்டோம். உயிரோடு நடமாடுகிற ஒருவன் பெயரை அப்படி ஒரு பெட்டிக்கு வைக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. அதை யாருக்காக வாங்குகிறோம் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

நெவில் எங்கள் ஊர்க் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவனுக்கு முன்னால் அவன் வயிறு கிளப்புக்குள் நுழையும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு மீட் பை, முடிந்ததும் ஒரு மீட் பை, நடுவில் யாராவது மிச்சம் வைத்தால் அதுவும். பெட்டி வாங்க வெள்ளிக்கிழமைதோறும் இறைச்சித் தட்டுக் குலுக்கல் நடத்தினோம். ஒரு வருஷமாக ஆட்டுத் தொடையும் சாஸேஜும் பரிசாகக் கொடுத்தோம். அதில் பாதியை ஜெயித்துக்கொண்டு போனது யார் என்று நினைக்கிறீர்கள்? அவனேதான். அவன் இதயத்தைக் காப்பாற்ற நாங்கள் சீட்டு விற்றோம், அவன் பரிசு இறைச்சியை வீட்டில் வறுத்துத் தின்றான். நான் வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், எத்தனையோ அடங்காப்பிடாரிகளைப் பார்த்திருக்கிறேன். இவனைப் போல முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை.

போதாக்குறைக்கு அவன் போன வருஷம் டாக்டர் அடாவிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தான். எப்போதும் களைப்பாக இருக்கிறதாம். டெஸ்டோஸ்டிரோன் கம்மி, முதலில் எடையைக் குறை, பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம் என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பினார். வேறு ஆண்பிள்ளையாக இருந்தால் இதை மனைவியிடம்கூடச் சொல்லமாட்டான். நெவ் பார் மேசையில் சாய்ந்து நின்று ஊருக்கே தண்டோரா போட்டான்.

"என் டெஸ்ட் ஸ்கோர் இறங்கிப்போச்சு."

"எந்த டெஸ்ட்ல நீ ஸ்கோர் பண்ணின?" என்றாள் அவன் மனைவி ரேலீன். "கல்யாணமான நாள்லேருந்து உன்னை நான் பெவிலியன்லதான் பாத்துட்டிருக்கேன்."

பார் அதிர்ந்தது. நெவ்வும் சேர்ந்து சிரித்தான். அவர்கள் குடும்பம் நடத்தியதே அப்படித்தான். அவன் வாயைத் திறப்பான், அவள் அதை மூடுவாள். மழை வரும் என்று அவன் சொன்னால் துணியைக் காயப்போட வெளியே எடுத்துப் போவாள். காரில் அவன் இடப்பக்கம் திரும்பச் சொன்னால் வலப்பக்கம் திரும்புவாள், வழி தவறினாலும் "சுத்திப் பாக்கலாம்னுதான் வந்தேன்" என்பாள். "நீ சொன்னது சரி" என்ற மூன்று வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து கேட்டவர் எங்கள் ஊரில் கிடையாது. அவளுக்கு ஐம்பத்து நாலு வயது, ஒல்லி, கம்பி போல உடம்பு, ஊரிலுள்ள ஆட்டுப் பண்ணைகளின் கணக்கு வழக்கெல்லாம் அவள் பார்ப்பதுதான். அவளுக்கு ஒரு நோய் வரும் என்று நினைக்கவே யாருக்கும் தைரியம் இல்லை.

அவளுக்கு மாதவிலக்கு மட்டும் சீக்கிரம் நின்றுவிட்டது. நாற்பத்தொன்றிலேயே. புல்வெளியில் நின்றுகொண்டிருப்பாள், திடீரென்று கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்து குப்பென்று வியர்க்கும். அப்போது அவளே "அடுப்பு!" என்று கத்துவாள். உடனே பக்கத்தில் இருக்கிற எல்லோரும் தொப்பியைக் கழற்றி அவளைச் சுற்றி நின்று விசிற வேண்டும். எதிரணியும் சேர்ந்து விசிறும். அது எங்கள் கிளப் வழக்கமாகவே ஆகிவிட்டது. அவளுக்குப் பிறகு அந்த வயசுக்கு வந்த பெண்கள் எல்லோரும் "அடுப்பு" சொல்லித்தான் வியர்த்தார்கள். என் முறை வந்தபோது எனக்கு விசிறுவதற்கு இப்படி ஒரு கூட்டம் இருந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பெட்டி வந்து இறங்கிய அன்று அதை எப்படி உபயோகிப்பது என்று காட்ட டாக்டர் அடா கிளப்புக்கு வந்தார். நைஜீரியாவில் பிறந்தவர், எங்கள் ஊருக்கு வந்து பல வருஷமாகிறது, எங்கள் எல்லோருடைய உள்ளும் புறமும் அவருக்குத் தெரியும். வந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த ரூம்ல யாருக்கு ஹார்ட் அட்டாக் வர வாய்ப்பு ஜாஸ்தி? கை காட்டுங்க பாப்போம்."

அத்தனை விரலும் நெவ்வைப் பார்த்து நீண்டன. நெவ்வும் தன்னையே காட்டிக்கொண்டான்.

"சரி, ஆம்பளைங்களுக்குச் சீக்கிரம் வரும்கிறது நெஜந்தான்," என்றார் டாக்டர். "பொம்பளைங்களுக்கு ஈஸ்ட்ரோஜன்னு ஒரு காவல்காரன் இருக்கான். அவன் இருக்கிற வரைக்கும் ரத்தக்குழாயை ஓரளவு பாத்துப்பான். மாதவிலக்கு நின்னா அவன் வேலையை விட்டுட்டுப் போயிடுவான். எவ்வளவு சீக்கிரம் போறானோ அவ்வளவு நாள் வீடு காவல் இல்லாம கெடக்கு. இங்க யாருக்காவது நாப்பத்தஞ்சுக்கு முன்னாடியே நின்னுச்சா?"

"எனக்கு நாப்பத்தொண்ணு," என்றாள் ரேலீன், ஏதோ பந்தயத்தில் முதலாவதாக வந்தவள் மாதிரி.

"அப்போ நீங்க என்னை வந்து பாக்கணும் ரேலீன். பிரஷர், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் பாத்துடலாம்."

"வரேன் டாக்டர். இவன்தான் உங்க நேரத்தையெல்லாம் பிடிச்சு வச்சிருக்கானே. டெஸ்ட் மேட்ச் முடியட்டும், அப்புறம் வரேன்."

"போய்ட்டு வந்துடு ரே," என்றான் நெவ்.

அவன் சொல்லியிருக்கக் கூடாது. அவன் சொன்னதும் அவள் போகமாட்டாள் என்று முடிவாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். டாக்டர் அடா மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாகவே வர வேண்டியதில்லை, தாடை வலிக்கலாம், முதுகு வலிக்கலாம், காரணமில்லாமல் களைப்பாக இருக்கலாம் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெட்டியை மயங்கி விழுந்து மூச்சு நின்றவருக்கு மட்டும்தான் மாட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் அதற்குள் எங்களோடு ஆடுகிற டெஸ் சாண்ட்விச் தட்டைக் கொண்டுவந்துவிட்டார். முட்டை சாண்ட்விச் முதலில் தீர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம் வந்தது. மின்யா ஊர்க்காரர்களோடு. எங்கள் அணியில் நாலு பேர்: நான், சாண்ட்விச் புகழ் டெஸ், நெவ், ரேலீன். ரேலீன் கேப்டன், நெவ் துணை.

இந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பந்து நேராக ஓடாது. ஒரு பக்கம் சாய்ந்து வளைந்துதான் போகும். அதனால் தூரத்தில் கிடக்கிற வெள்ளைக் குட்டிப்பந்தின் அருகே அதைக் கொண்டுபோய் நிறுத்த, வலப்பக்கமாகவும் விடலாம், இடப்பக்கமாகவும் விடலாம். துணைக் கேப்டன் குட்டிப்பந்துக்குப் பக்கத்தில் நின்று நிலவரத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் நல்லது என்று கையைக் காட்டுவான். கேப்டன் மறுகோடியில் நின்று உருட்டுவார். நெவ் பத்து வருஷமாகக் கையைக் காட்டுகிறான். அவன் வலப்பக்கம் காட்டினால் ரேலீன் இடப்பக்கம் விடுவாள். ஒருமுறை தந்திரமாக மாற்றிக் காட்டிப் பார்த்தான். அதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று காலை குளிராகத்தான் இருந்தது. ரேலீன் வந்ததிலிருந்து தாடையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, பல்லா?" என்றேன்.

"கடைவாய்ப் பல்லு. ஒரு வாரமா. தோளும் பிடிச்சிருக்கு, பெரில். வயசாகுதுல்ல."

"வயசைப் பத்தி என்கிட்டயே பேசுறியா?"

"உன்கிட்டதான் பேசணும். நீதான் அனுபவஸ்தி," என்றாள். வாய் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே நான் கவலைப்படவில்லை.

ஆட்டம் இழுபறியாகப் போயிற்று. கடைசிச் சுற்றுக்கு முன்னால் ரேலீன் புல்வெளி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. டெஸ்தான் முதலில் பார்த்தார்.

"அடுப்பு!"

உடனே எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடினோம். மின்யாக்காரர்களும் வந்தார்கள். நான் விசிறிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். அடுப்பு பற்றினால் அவள் தக்காளிப் பழமாகச் சிவப்பாள். இன்று பிசைந்த மைதா மாவு நிறத்தில் இருந்தாள். வாந்தி எடுக்கப்போகிற பிள்ளைகள் முகத்தில், பஸ் கண்ணாடியில், அந்த நிறத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வண்டியை ஓரம்கட்டி வாளியை எடுத்துக் கொடுப்பேன். எனக்குள் ஏதோ உறுத்தியது.

"டெஸ், எதுக்கும் நெவ்வைக் கொண்டாங்க," என்றேன்.

"நான் இங்கதானே நிக்கறேன்," என்றான் நெவ்.

"உன்னை இல்ல, பெட்டியை!"

டெஸ் ஓடினார். அந்தப் பெட்டியைத் திறக்க ஒரு சந்தர்ப்பம் வராதா என்று அவர் காத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ரேலீன் கையைத் தட்டிவிட்டாள், திட்டினாள், அப்புறம் "எப்படியோ போங்க" என்று சாய்ந்துகொண்டாள். பெண்கள் எல்லோரும் சுற்றி மறைத்து நின்றோம். நான் இரண்டு பட்டைகளையும் ஒட்டினேன். கண்ணைத் திறந்து உட்கார்ந்து எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்கு. பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு உள்ளிருந்து ஒரு பெண் குரல், பள்ளித் தலைமையாசிரியை மாதிரி, நிறுத்தி நிதானமாகச் சொன்னது: "மின்னதிர்ச்சி தேவையில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"பாத்தியா? மெஷினே சொல்லிருச்சு. ஹார்ட் இல்ல, ஹார்மோன்," என்றார் டெஸ்.

அந்தப் பெட்டிக்கு மாரடைப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாது. துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுபோகிறபோதுதான் அதற்கு வேலை. ஓடிக்கொண்டிருக்கிற இதயத்தின் குழாய் அடைத்துக்கொண்டு வருவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இதைத்தான் டாக்டர் அடா சாண்ட்விச் நேரத்தில் சொன்னார். எனக்கும் உறுத்தல் போய்விட்டது. ரேலீன் எழுந்து பட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, தன் கடைசிப் பந்தை எடுத்தாள்.

"ஆட்டத்தை முடிச்சுட்டு எல்லாரையும் வச்சுக்கறேன்," என்றாள்.

ஆட்டம் அந்த ஒரு பந்தில் நின்றது. நெவ் மறுகோடிக்குப் போனான். குட்டிப்பந்தைச் சுற்றி ஒருமுறை நடந்தான், குனிந்து பார்த்தான், வலப்பக்கம் கையைக் காட்டினான். நாங்கள் எல்லோரும் இடப்பக்கம் பார்த்தோம்.

ரேலீன் உருட்டவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நெவ்," என்று கூப்பிட்டாள். குரல் சின்னதாக இருந்தது. "எந்தப் பக்கம் விடட்டும்?"

நெவ் பின்னால் திரும்பி வேறு யாராவது நெவ் நிற்கிறானா என்று பார்த்தான். "வலப்பக்கம்," என்றான். "ஆனா உனக்கு எப்படித் தோணுதோ..."

"இல்ல. நீ சொன்னது சரி," என்றாள் ரேலீன்.

மின்யா கேப்டன் விசிலடித்தார். டெஸ், "தேதியைக் குறிச்சு வைங்கப்பா!" என்று கத்தினார். நானும் சிரித்தேன். சிரிக்காதவன் ஒருவன்தான். அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு நெவ் புல்வெளியின் நடுவே ஓடிவந்தான். ஆட்டம் நடக்கிற புல்லில் ஓடக் கூடாது என்பது எங்களுக்கு வேதம். அவன் ஓடினான். வந்து அவள் கையிலிருந்த பந்தை வாங்கிக் கீழே போட்டான், அவளைப் புல்லிலேயே உட்காரவைத்து முதுகுக்குத் தன் காலை முட்டுக் கொடுத்தான், போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தான்.

"என்ன பிரச்சனை சார்?" என்று போனில் கேட்டது எனக்கும் கேட்டது.

"என் மனைவி, நான் சொன்னது சரின்னு சொல்லிட்டா."

"சார், இது அவசர எண்."

"அதனாலதாம்மா கூப்பிடறேன்!" நெவ் கத்தினான். நான் அவன் கத்திக் கேட்டதே இல்லை. "உனக்கு அவளைத் தெரியாது. அவளுக்குச் சண்டை போட முடியலைன்னா அவ சாகப்போறான்னு அர்த்தம்!"

நான் போனைப் பிடுங்கினேன். தாடை வலி, தோள் வலி, வியர்வை, மாவு நிறம், நாற்பத்தொன்றில் நின்ற மாதவிலக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் டாக்டர் அடா அன்று சொன்ன பட்டியல் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆஸ்பிரின் இருந்தால் கொடுத்து மென்று தின்னச் சொல்லுங்கள் என்றார்கள். ஆஸ்பிரின் நெவ் சட்டைப்பையில் இருந்தது. அவனுக்காக ரேலீன் வாங்கி வைத்திருந்தது.

"மெல்லு," என்றான் நெவ்.

அவள் மென்றாள். மறு பேச்சில்லாமல் மென்றாள். நெவ்வின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

பக்கத்து ஊரிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. அவர்கள் வயர்களை ஒட்டி, இயந்திரத்திலிருந்து நீளமாக வந்த காகிதத்தைப் பார்த்தார்கள். அதுவரை எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண் உடனே ஸ்ட்ரெச்சரை இழுத்துவர ஓடினாள். வண்டி கோதுமைக் கிடங்கைத் தாண்டும்போது ரேலீனின் இதயம் நின்றுவிட்டது. அவர்களிடம் இருந்த பெட்டியை வைத்து அதை மறுபடி ஓடவிட்டார்கள். நெவ் முன் சீட்டில் உட்கார்ந்து, தான் காலமெல்லாம் வேலை பார்த்த கிடங்கையே வெறித்துக்கொண்டு, பின்னாலிருந்து வந்த சத்தத்தையெல்லாம் கேட்டிருக்கிறான். வண்டிக்குள் இல்லாமல் பெஞ்சிலோ வீட்டிலோ படுக்கையிலோ இது நடந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பக்கத்து ஊரிலிருந்து ஹெலிகாப்டரில் மெல்பர்ன் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள்.

மறுநாள் நான் நெவ்வுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளை ஆட்டச் சட்டையிலேயே உட்கார்ந்திருந்தான், முழங்காலில் புல் கறை. யாரோ வாங்கிக் கொடுத்த மீட் பை பக்கத்தில் தொடப்படாமல் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

ரேலீன் கண்ணைத் திறந்தபோது நாங்கள் இருவரும் இருந்தோம். நெவ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எதையாவது பேசவேண்டுமே என்று பேசினான்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ரே."

அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "இல்ல," என்றாள். "சனி."

"ஆமா," என்றான் நெவ். "சனிதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுக் கட்டில் விளிம்பில் தலையை வைத்துக் குழந்தை மாதிரி அழுதான்.

"பெரில், இவனுக்கு என்ன ஆச்சு?" என்றாள் ரேலீன். "இவனுக்கும் ஹார்மோனா?"

"நீ அவன் சொன்னது சரின்னு சொன்னியே. அந்த அதிர்ச்சி."

"நானா? சொல்லியே இருக்க மாட்டேன்."

நெவ் தலையைத் தூக்கினான். "இனிமேயும் சொல்லாத ரே. எனக்குச் சத்தியம் பண்ணிக்கொடு. சாகற வரைக்கும் சொல்லாத."

"இதுக்கெல்லாம் சத்தியம் எதுக்கு," என்றாள் அவள்.

ஊருக்குத் திரும்பியதும் டாக்டர் அடா இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாப் பரிசோதனையும் செய்தார். ரேலீனுக்கு இப்போது நாளுக்கு ஐந்து மாத்திரை. நெவ்வின் இதயக் குழாயையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது, கழுவி விட்ட மாதிரி. அந்தச் செய்தியைக் கேட்டு ஊரே கொதித்தது. இத்தனை பை தின்றவனுக்கு ஒன்றுமில்லையா என்று டெஸ் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பெட்டிக்குப் பெயரை மாற்றிவிடலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. "அவன் பேரே இருக்கட்டும். ரெண்டு நெவ்வுல ஒண்ணுதான் என்னைப் பாத்து ஒண்ணுமில்லைன்னு சொல்லிச்சு, இன்னொண்ணு சொல்லல. எது சொல்லலைங்கறது ஞாபகம் இருக்கணும்," என்றாள் ரேலீன். நெவ்வைப் பற்றி அவள் நல்லதாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அப்போது அவன் அங்கே இல்லை.

அக்டோபரில் புது பருவம் தொடங்கியது. முதல் ஆட்டமே மின்யாவோடு. டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார், ரேலீன் ஆடினாள். ஆட்டம் மறுபடியும் கடைசிப் பந்துக்கு வந்து நின்றது. நெவ் குட்டிப்பந்தைச் சுற்றி நடந்து, குனிந்து பார்த்து, வலப்பக்கம் கையைக் காட்டினான். யார் பார்த்தாலும் வலப்பக்கம்தான். குருடனுக்கும் தெரியும்.

ரேலீன் அவனைப் பார்த்தாள். நெவ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இடப்பக்கம் விட்டாள். பந்து வளைந்து, எங்கள் பந்தையே முட்டித் தள்ளிவிட்டு, புல்வெளி ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தது. நாங்கள் தோற்றோம்.

எனக்கு வந்த கோபத்தில் தொப்பியைத் தரையில் அடித்தேன். பார்த்தால் மறுகோடியில் நெவ் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான், கண்ணைத் துடைக்கக்கூட மறந்து.